ஓல்டான் எண்ணிய ஐந்தாவது ஆள்

செஞ்சி மலைமேல் எத்தனையோ ராஜாக்கள் ஏறியிருக்கிறார்கள், எத்தனையோ படைகள் இறங்கியிருக்கின்றன. ஆனால் ஏறுகிறவர்களைத் தலை தலையாக எண்ணி, கணக்கு சரியாக வரவில்லை என்பதற்காக நடுப்படியில் உட்கார்ந்து நகர மாட்டேன் என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஓல்டான்தான். இதை அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அன்றைக்கு அவர் எண்ணிய தலைகளில் என்னுடையதும் ஒன்று.

ஓல்டான் பஸ் கண்டக்டர். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை, அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி, நாள் முழுக்க இதுதான். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் 'ஓல்டான்' என்று கூவுவார்களே, அதை இவர் தூக்கத்திலும் கூவுவார். எனக்குப் பக்கத்து அறை என்பதால் நடுவில் இருந்த ஒற்றைச் செங்கல் சுவர் வழியாக அது என் கனவிலும் வந்து, கனவில் நான் ஏறியிருக்கும் வண்டிகள் எல்லாம் அப்படியப்படியே நின்றுவிடும். அவருடைய உண்மையான பெயர் சட்டைப் பையில் குத்தியிருந்த பட்டையில் இருந்தது. எழுத்து தேய்ந்து கடைசியில் ஒரு 'ன்' மட்டும் மிச்சம்.

காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடை. அதன் மாடியில் வரிசையாக ஆறு அறைகள், ஆறிலும் தனிக்கட்டைகள். நான் விவசாய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக வேலை கிடைத்து வந்து சேர்ந்தவன். எதிர் அறையில் செல்வம், அனந்தபுரத்துக்காரன், செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். கடைசி அறையில் அந்தோணி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். எங்களுக்கெல்லாம் முப்பது வயதுக்குள். ஓல்டானுக்கு நாற்பது இருக்கும். ஆறடி உயரம், அகலம் பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கம்பி அளவு. பஸ் கூரைக்குக் குனிந்து குனிந்து, வெட்டவெளியிலும் கழுத்தைச் சாய்த்தே நடப்பார்.

எண்ணுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கல்யாண மண்டபத்தில் பந்தியை எண்ணுவார். அந்தோணியின் கிராமத்துத் திருவிழாவுக்குப் போனபோது பூசையில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டே வந்து, கடைசியில் சாமியாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அந்தோணியின் காதில் கேட்டார். ஒரு தடவை மூன்றாம் அறைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் தொண்டூரில் அக்கா வீட்டில் தங்கிவிட்டார். விடிந்ததும் ஓல்டான் பைக்கை எடுத்துக்கொண்டு தொண்டூர் போய், ஜன்னல் வழியாக அவர் குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் திரும்பி வந்து டியூட்டிக்குப் போனார். ஏன் இப்படி என்று கேட்டால் அவர் கேட்டது ஒரே கேள்வி: "நான் எண்ணலன்னா வேற யாரு எண்ணுவா?"

அது ஐப்பசி. நாலு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மழை நின்று மேகம் மட்டும் தங்கிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் தலை இல்லை. பாதி மலைக்குமேல் யாரோ வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மேகத்துக்குள் போய் வீடியோ எடுக்க வேண்டும் என்று செல்வம் ஒற்றைக்காலில் நின்றான். அந்தோணிக்கு இஷ்டமில்லை, ஆனால் அறையில் தனியாக இருக்கவும் இஷ்டமில்லை. ஓல்டானுக்கு அன்று வார விடுமுறை. மூன்று பேரைக் கண்டக்டர் இல்லாமல் அனுப்ப முடியாது என்று அவரும் கிளம்பினார். வேட்டி, பெரிய குடை, தோளில் துண்டு, கழுத்தில் டியூட்டி விசில்.

கோட்டை வாசலில் காவலாளி எங்களை அதிசயமாகப் பார்த்தார். இந்த ஈரத்தில் அம்மன் கோயிலுக்குமேல் போகாதீர்கள், பாறை வழுக்கும் என்றார். காலையிலிருந்து வந்தது நாங்கள்தான் என்றும், உள்ளே வேறு ஈ காக்காய் இல்லை என்றும் சொன்னார். ஓல்டான் எங்கள் தலையைத் தொட்டு எண்ணி, நாலு என்று காவலாளியிடமும் ஒப்பித்து, விசிலை இரண்டு முறை ஊதினார். ஏறத் தொடங்கினோம்.

முதலில் உறைத்தது குரங்குகள்தான். எந்த நாளிலும் பையைப் பிடுங்கும் குரங்குகள், அன்று ஒரு பாழடைந்த மண்டபத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. எங்கள் கையில் புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தும் ஒன்றுகூட எழவில்லை. எல்லாம் எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் பார்த்தன. குரங்கை விரட்ட நான் எடுத்து வைத்திருந்த கல்லை அப்போதே போட்டிருக்கலாம். போடவில்லை.

கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டியதும் மேகத்துக்குள் போய்விட்டோம். கை நீட்டினால் விரல் தெரியும், அதற்கப்பால் வெள்ளை. முன்னால் போன செல்வத்தின் பேச்சு எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. பாறைகளில் தண்ணீர் வழியும் சத்தம் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டே வருவது போல இருந்தது. பஸ்ஸில் பின்வாசல் கண்டக்டருடையது என்பதால் ஓல்டான் எப்போதும் கடைசியில்தான் வருவார். அவருக்கு முன்னால் நான்.

திடீரென்று விசில். நின்றோம். ஓல்டான் எண்ணிவிட்டு, அஞ்சு என்றார்.

செல்வம் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். நாலுதான். பின்னால் திரும்பிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "எனக்குப் பின்னால ஒருத்தரு வந்துனு இருக்குறாரு. ரப்பர் செருப்பு, ஒரு வாரு அறுந்தது."

அவர் சொன்ன பிறகு எனக்கும் கேட்டது. சப்பக், சப்பக். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. அந்தோணி கழுத்தில் இருந்த ஜெபமாலையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டான். அந்தக் காலத்துக் கோட்டை முற்றுகையின்போது பசியில் செத்துப்போன சிப்பாய்களைப் பற்றிச் செல்வம் ஏதோ ஆரம்பித்தான், தானே நிறுத்திக்கொண்டான். காற்று ஒரு முறை வீசி மேகம் லேசாகக் கலைந்தது. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

பத்துப் படி கீழே நின்றது. மனிதன் உயரம். தலை கோபுரம் மாதிரி கூம்பி இருந்தது. தோள் இல்லை, தலையிலிருந்து முழங்கால்வரை ஒரே சரிவு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பொந்து.

செல்வமும் அந்தோணியும் மேலே ஓடிவிட்டார்கள். நானும் ஓடியிருப்பேன், கால் வரவில்லை. ஓல்டான் குடையைச் சாய்த்துப் பிடித்து, அவலூர்பேட்டை வண்டியில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"சார், ஏறுறதுன்னா உள்ள ஏறி வாங்க. படியில நிக்காதீங்க."

அது பதில் சொல்லவில்லை. சரிவுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. எங்களை நோக்கி நீண்டது. ஒரு படி மேலே வந்தது. என் கையிலிருந்த கல் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. மெத்தென்று ஒரு சத்தம். உடனே மேகம் மூடிக்கொண்டது. ஏதோ சரிகிற ஓசை, பிறகு வெறும் தண்ணீர்.

ஓல்டான் என் வெறும் கையைப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஓடினேன். உச்சிக் கோட்டைக்கு முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. வெயில் நாளில் கீழே பார்த்தால் அதலபாதாளம். அன்று கீழே ஒன்றுமே இல்லை, பாலம் மேகத்தில் மிதந்தது. அங்கே தயங்கி நின்ற மற்ற இருவரோடு சேர்ந்து நாலு பேரும் ஒரே ஓட்டமாகக் கடந்து, உச்சியில் தானியக் கிடங்குக்குள் நுழைந்து சுவரோடு சுவராக உட்கார்ந்தோம்.

பயத்தில் பசி எடுக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். புளிச்சோற்றைப் பிரித்துத் தின்றோம். ஓல்டான் தின்னவில்லை. ஏறியவர் ஏறினார், இறங்கியதை நான் பார்க்கவில்லை, எங்கே போனார் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது மனுஷனே இல்லை என்று செல்வம் அதட்டினான். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. கல் பட்ட சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. பேய்மேல் கல் பட்டால் மெத்தென்று சத்தம் வருமா?

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாலத்தைத் தாண்டி, அதை நாங்கள் பார்த்த இடத்துக்கு வந்தபோது ஓல்டான் குனிந்து எதையோ எடுத்தார். ஒரு ரப்பர் செருப்பு. வார் அறுந்து, அதில் சேஃப்டி பின் குத்தியிருந்தது.

"பேய்க்கு எதுக்குடா சேஃப்டி பின்னு?" என்றார்.

சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. செல்வம் கெஞ்சினான், திட்டினான், கையைப் பிடித்து இழுத்தான். அவனுடைய போனுக்குள் தண்ணீர் போய்விட்டது. எங்கள் போன்களில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. கீழே போய் ஆள் கூட்டி வரலாம் என்று அந்தோணி சொன்னான். ஓல்டான் அசையவில்லை. விசிலை எடுத்து ஒரு முறை ஊதினார்.

படியின் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்த இடம். அதற்குக் கீழே, பாறைகளுக்கு அடியிலிருந்து, 'டொக்' என்று கேட்டது.

அவர் இரண்டு முறை ஊதினார். 'டொக், டொக்.'

அந்தோணி அப்படியே மண்டி போட்டுவிட்டான். "வேணாண்ணா. மனுசனா இருந்தா வாயத் தொறந்து கத்துவான்," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஓல்டானிடம் அதைவிடப் பெரிய நியாயம் இருந்தது.

"வண்டியில ஏறி, ஊரு பேரு சொல்லாம கைய மட்டும் காட்றவங்க எத்தினி பேரு தெரியுமா? வாய் இல்லாதவனும் பாஸெஞ்சர்தான்."

இடிந்த சுவரைத் தாண்டி இரண்டு உருண்டைப் பாறைகள். நடுவில் ஒரு சந்து, கிணறு மாதிரி இறங்கியது. படியில் ஓடிவந்த மழைத் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நுழையக்கூடிய உடம்பு எங்களில் ஓல்டானுக்கு மட்டும்தான். அவர் யோசிக்கவே இல்லை. வேட்டியை அவிழ்த்து முறுக்கினார், துண்டை அதோடு முடிந்தார், என் பெல்ட்டை வாங்கி அதன் முனையில் கட்டினார். பட்டை போட்ட அரை டிராயரும் கழுத்தில் விசிலுமாக அந்தப் பொந்துக்குள் கால் முதலில் இறங்கினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆள் இருக்குறாரு. ஒடம்பு சூடா இருக்குது."

செல்வம் ஓவென்று அழுதான். ஏன் அழுதான் என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.

உள்ளே கிடந்தவரின் கால் பாறையில் மாட்டியிருந்தது. தண்ணீர் இடுப்புவரை வந்துவிட்டது, இன்னும் ஏறியது. ஓல்டான் தண்ணீருக்குள் முங்கி, காலைப் பிடித்து நெம்பினார். மூன்று முறை முங்கினார். மூன்றாவது முறை அவர் தலை வெளியே வர ரொம்ப நேரம் ஆனது போல எனக்குத் தோன்றியது. அந்தோணி ஜெபத்தை விட்டுவிட்டு, குடையையும் பொட்டலப் பையையும் படியில் அடுக்கி, தண்ணீர் சந்துக்குள் போகாமல் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கால் விடுபட்டது. கயிற்றைக் கட்டிவிட்டார், ஆனால் மேலே ஒருவர் படுத்துக் கை கொடுத்தால்தான் ஆளை வெளியே இழுக்க முடியும். கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நீ வா. எறிஞ்ச கையக் குடு."

மற்ற இருவருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பாறையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். ஐஸ் மாதிரி ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இருட்டிலிருந்து மேலே வந்தது ஒரு சாதாரண முகம், நரைத்த தாடி, ஐம்பது வயது. கூம்புத் தலை என்று நாங்கள் பயந்தது மழைக்காகத் தலையில் மடித்துப் போட்டிருந்த உரச் சாக்கு. கழுத்தைச் சுற்றி ஒரு துணி. அது நகர்ந்தபோது தொண்டையில் ஒரு பழைய ஆபரேஷன் தழும்பு. இடது புருவத்துக்குமேல் தோல் கிழிந்து ரத்தம்.

அது என் கல்லா, விழுந்தபோது பாறை கிழித்ததா என்று நான் கேட்கவில்லை. அவரால் சொல்லவும் முடியாது. வெளியே வந்த பிறகும் என் கையை அவர் விடவே இல்லை. கீழே வாசல் வரும்வரை அப்படியே பிடித்திருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும். அல்லது தெரிந்தும் பிடித்திருந்தாரோ, அதுவும் எனக்குத் தெரியாது.

ஓல்டானை வெளியே எடுத்ததும் சிக்னல் கிடைத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். செல்வமும் ஓல்டானும் மாற்றி மாற்றி அவரை முதுகில் சுமந்தார்கள். வாசலில் காவலாளி எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். மேகத்திலிருந்து டிராயரோடு ஓர் ஆறடி ஆள், அவர் முதுகில் சாக்கு போர்த்திய ஓர் உருவம். காவலாளி இரண்டடி பின்வாங்கினார்.

"நாலு பேருதான உள்ள போனீங்க?" என்று அவர் கேட்டார்.

"வழியில ஒருத்தர் ஏறனாரு," என்றார் ஓல்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் பெயர் ஏழுமலை, மலைக்குப் பின்பக்கத்துக் கிராமம். காலில் மாவுக்கட்டு. தொண்டை ஆபரேஷனில் குரல் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். நடந்ததை அவர் கையால் காட்ட, பக்கத்தில் இருந்த அவர் மனைவி வாயால் சொன்னார். ஆடு இரண்டு பாறைமேல் ஏறிவிட, பின்பக்கமாகவே தேடி ஏறி, மேகத்தில் வழி தவறிவிட்டது. ஆள் பேச்சு கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். கூப்பிடக் குரல் இல்லை. ஆடுகள் இரண்டும் மத்தியானமே வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்துக்கொண்டன.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த அம்மா ஓல்டானைப் பார்த்து, இன்னொருத்தர் வரலிங்களா என்று கேட்டார்.

நாங்கள் நாலு பேர்தான் என்றோம். அவர் புருஷனைப் பார்த்தார். ஏழுமலை தலையை ஆட்டினார், இல்லை என்று. வலது கையைத் தூக்கி விரல்களை விரித்தார். அஞ்சு. தன்னைச் சேர்த்தா என்று செல்வம் கேட்டான். அவர் இடது கை விரலால் தன் மார்பைத் தொட்டு, அந்த விரலைத் தனியாக விலக்கிவிட்டு, மறுபடி அஞ்சு விரலைக் காட்டினார். தனக்கு முன்னால் போனது அஞ்சு பேர்.

வார்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேகத்தில் குழம்பியிருப்பார், விழுந்ததில் தலையில் அடி என்று அந்தோணி படி இறங்கும்போது சொன்னான். நாங்கள் எல்லோரும் அதை அவசரமாக ஒப்புக்கொண்டோம். ஓல்டான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கூவவே இல்லை. தூங்கினால்தானே கூவுவதற்கு.

அடுத்த ஞாயிறு காலை என் அறைக் கதவைத் தட்டினார். கையில் குடை. கிளம்பு என்றார். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றும் மேகம் இறங்கியிருந்தது. அம்மன் கோயிலுக்கு மேலே, சுவர் இடிந்த அந்த இடத்தில் நின்றோம். ஓல்டான் விசிலை ஊதினார். பிறகு மேகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல், மரியாதையாகச் சொன்னார்: கீழே போகிறோம், வர வேண்டியவர்கள் இருந்தால் வரலாம், காத்திருக்கிறோம். ஒரு குடைக்குள் இரண்டு பேரும் நின்றோம். பாறைகளில் தண்ணீர் ஓடியது. ஒரு முறை மேலே எங்கோ ஒரு சின்னக் கல் உருண்டது. அரைமணி நேரம் கழித்து அவர் பெருமூச்சு விட்டு, வரலை போல என்றார். இறங்கினோம்.

பாதி வழியில்தான் கவனித்தேன், குடையைப் பிடித்திருந்த அவர் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. உங்களுக்குப் பயமே கிடையாது என்றல்லவா நினைத்தேன் என்றேன்.

"எனக்கா? உயிரே போவுதுடா," என்றார். "அதான் உன்ன இட்டுனு வந்தேன்."

செல்வத்தை இல்லை, ஜெபமாலை வைத்திருந்த அந்தோணியை இல்லை, என்னை. நான் குடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஆறடி மனிதருக்கு எட்டும்படி, வீடு வரும்வரை, உயர்த்தியே பிடித்துக்கொண்டு நடந்தேன்.